மூட்டை திண்ணைக்கு வந்த பிறகு

ராத்திரி பதினோரு மணிக்குப் போன் அடித்தால் எங்கள் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள். "ஸ்டேஷனாத்தான் இருக்கும், போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி திரும்பிப் படுத்துக்கொள்வாள். ராமநாதபுரம் கடலோரத்தில் வி.ஏ.ஓ.வாக இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. பட்டா, அடங்கல், வாரிசு விசாரணை எல்லாம் பகல் வேலை. போலீஸ் சோதனையில் கைப்பற்றியதை எழுதிவைக்கிற மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது ராத்திரி வேலை.

சோதனைக்குச் சாட்சியாக அந்தப் பகுதியில் குடியிருக்கும், யார் பக்கமும் சாராத, மதிப்புள்ள இரண்டு பேராவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 100வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 103. ஊர்க்காரர் யாரும் வர மாட்டார்கள். ஒரே துறையில் படகு கட்டுகிறவர்கள், நாளைக்குச் சம்பந்தம் பேசப் போகிறவர்கள், எப்படி வருவார்கள்? எழுத்தில் உத்தரவு கொடுத்தும் காரணமில்லாமல் வர மறுத்தால் குற்றம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் எழுதிக் கொடுத்துக் கூப்பிட்ட ஒரு எஸ்.ஐ.யையும் நான் பார்த்ததில்லை. கடைசியில் நானும் தலையாரியும்தான் போய் நிற்போம். (காகிதத்தில் அவர் கிராம உதவியாளர், ஊருக்கு இன்றைக்கும் தலையாரி.) அரசாங்கச் சம்பளம் வாங்குகிற இரண்டு பேர் என்ன சார்பில்லாத சாட்சி என்று வக்கீல்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2013 வாடைக்காலத்தில் ஒரு ராத்திரி. தென்கடல் பக்கம் ஒரு வீடு. நான் வண்டியை நிறுத்தும்போதே அவித்த கடல் அட்டையின் (கடலடியில் ஊரும் பிராணி) வாடை தெருமுனை வரை வந்துவிட்டது. திண்ணையில் நான்கு சாக்குகள். அடியில் தண்ணீர் கசிந்து வாசல் மணலில் கோடு இழுத்திருந்தது. ஒரு சாக்கின் வாயை அவிழ்த்து டார்ச் அடித்துக் காட்டினார்கள். கறுப்பாக, சுருங்கி, விரல் நீளத்தில் கிடந்தன. 2001ல் கடல் அட்டையை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு இங்கே குளியாட்கள் பகிரங்கமாகப் பிழைத்த தொழில் அது. அக்கரையில், இலங்கையில், லைசென்ஸ் வாங்கினால் இன்றைக்கும் எடுக்கலாம். இதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளாத ஆளைக் கடற்கரையில் பார்ப்பது கஷ்டம்.

வீட்டுக்காரரின் தம்பி "வாரண்ட் எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சினிமா கற்றுக்கொடுத்த கேள்வி. வனவிலங்குச் சட்டத்தின் 50வது பிரிவில், குற்றம் நடந்திருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், எஸ்.ஐ. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே உள்ளே போகலாம். சாதாரண வழக்கிலும் புலன்விசாரணை அதிகாரி காரணத்தை முன்கூட்டி எழுதிவைத்துவிட்டுச் சோதனை போடலாம். அந்தக் காகிதத்தின் நகல் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். இப்போதைய சட்டத்தில் 48 மணி நேரத்துக்குள். அந்தப் பையன் "எழுதி வச்ச காரணம் எங்க?" என்று கேட்டிருந்தால் அதுதான் சரியான கேள்வி.

மீன் கம்பெனியிலிருந்து தராசு வந்தது. 62 கிலோ. மகஜரை ஸ்டேஷன் ரைட்டர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார், எடைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். 'கண்ட சாட்சிகள் முன்னிலையில் மேற்படி வீட்டின் பின்கட்டு அறையிலிருந்து கைப்பற்றப்பட்டது.' மணி ஒன்று. காலையில் கலெக்டர் ஆபீசில் கூட்டம். கையெழுத்துப் போட்டேன். தலையாரியும் போட்டார்.

நாலு வருஷம் கழித்து சம்மன் வந்தது. கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமான மனுஷன். குரலே உயரவில்லை.

"பின்கட்டு அறைக்கு எத்தனை ஜன்னல்?"

தெரியாது. நான் திண்ணையைத் தாண்டவே இல்லையே.

"மூட்டைகள் அறையில் இருந்ததைப் பார்த்தீர்களா?"

பொய் சொல்லவும் வரவில்லை, மெய் சொல்லவும் வாய் எழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் போகும்போது திண்ணையில் இருந்தது" என்றேன். அரசு வக்கீல் எழுந்து என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டார். உத்தியோகத்தில் இருக்கிற வி.ஏ.ஓ. பிறழ் சாட்சி! தாலுகா ஆபீசிலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது தனிக்கதை.

எடையும் இடித்தது. மறுநாள் வனத்துறை எடை போட்டபோது 54 கிலோ. எட்டு கிலோவை யார் எடுத்தது? யாரும் எடுக்கவில்லை. அவித்த அட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும், இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மகஜரில் 'ஈரத்துடன்' என்று ஒரு வார்த்தை இல்லை.

இதெல்லாம் முடிந்த பிறகு தெரிய வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. பட்டா விஷயமாக அந்த வீட்டு உம்மா ஒரு நாள் ஆபீசுக்கு வந்தார்கள். பேச்சுவாக்கில், "அன்னைக்கு அந்த எஸ்.ஐ. வாசல்ல நின்னு குரல் குடுத்தாக தம்பி. பொம்பளையாளுக கொல்லப்பக்கமா போகட்டும்னு காத்து நின்னுட்டுத்தான் உள்ள வந்தாக" என்றார்கள். வெளியாட்கள் முன் வராத வழக்கமுள்ள பெண்கள் இருக்கும் அறைக்குள் வலிந்து நுழைகிற நிலைமை வந்தால்கூட, முதலில் அறிவித்து அவர்கள் விலக வசதி செய்து தர வேண்டும் என்று பழைய சட்டத்தின் 47வது பிரிவில் உண்டு. அந்த மனிதர் முறைப்படிதான் நடந்திருக்கிறார். அதைப் பற்றி மகஜரில் ஒரு வரி கிடையாது. ஒழுங்காக நடந்ததை எழுதவில்லை, நடக்காததை எழுதி என் கையெழுத்தையும் வாங்கிவிட்டார்கள். நானும் கொடுத்துவிட்டேன்.

சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் அதில் கிடைத்ததைச் சாட்சியமே இல்லை என்று தள்ளிவிட முடியாது என்பது பூரன்மல் வழக்கிலிருந்து சுப்ரீம் கோர்ட் வைத்திருக்கிற நிலை. போலீஸ் நண்பர்கள் இதை அடிக்கடி சொல்வார்கள். சரிதான், மூட்டை தப்பிக்காது. ஆனால் அது எந்த அறையில், யார் கையில் இருந்தது என்று சொல்ல ஆள் வேண்டுமே.

கஞ்சா வழக்கு இன்னும் கறார். ஒருவர் உடம்பைச் சோதிக்கும் முன், கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்று அவரிடமே சொல்ல வேண்டும். கையிலிருக்கும் பைக்கு இது பொருந்தாது. கடற்கரையில் ஒரு பையனிடம் இதைச் செந்தமிழில் வாசித்தார்கள். அவன் என்னைப் பார்த்து "என்ன சார் சொல்றாக?" என்றான். நான் ஊர்ப் பேச்சில் சொன்ன பிறகுதான் பதில் வந்தது.

இப்போது புதிய சன்ஹிதாவில் 105வது பிரிவு வந்து, சோதனையை முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். பட்டியல் எழுதுவதும் சாட்சி கையெழுத்துப் போடுவதும்கூடப் பதிவாக வேண்டும். நல்லதுதான். என்றாலும் போனை எந்த நேரத்தில் ஆன் செய்கிறார்கள் என்பது ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். போனால் மூட்டை வாசலில், கான்ஸ்டபிள் அப்போதுதான் செல்போனை எடுத்துப் பிடிக்கிறார். முடிச்சை அவிழ்ப்பதைக் கிட்டத்தில் காட்டச் சொன்னேன். மகஜரை முழுக்கப் படித்தேன். 'சாட்சிகள் முன்னிலையில் கொட்டகைக்குள்ளிருந்து' என்ற வரியை அடிக்கச் சொல்லி, கையெழுத்துக்கு மேலே எழுதினேன்: 'நான் வந்தது இரவு 10.40. அப்போது மூட்டைகள் வாசலில் இருந்தன. எடை ஈரத்துடன் எடுக்கப்பட்டது.'

எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். எட்டிப் பார்த்துவிட்டு, "வி.ஏ.ஓ. சார், கையெழுத்துப் போட வந்தீங்களா, கட்டுரை எழுத வந்தீங்களா?" என்றார். போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் அதைச் சட்டென்று தாழ்த்தினார்.

"தாழ்த்தாதீங்க தம்பி, நான் இன்னும் கையெழுத்துப் போடல" என்றேன்.