சாமி வரம் கொடுத்தாலும்: பிளாட்டானா கருவில் துணைப்புரதங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பண்ணைக் குட்டைகளில் தூண்டிலுக்கு இரையாகப் பிடிக்கிற பிளாட்டானாவும், உலகம் முழுக்கக் கருவியல் ஆய்வகங்களில் வளர்கிற செனோபஸ் லேவிஸும் ஒரே தவளைதான். டிஎன்ஏவைத் தானே தொடாமல், அதில் உட்கார்ந்த இன்னொரு புரதத்தோடு சேர்ந்து மரபணுவைத் திறப்பதோ பூட்டுவதோ துணைப்புரதம். அதைக் கண்ணால் காட்ட இந்தத் தவளையின் கருவை விட எளிய பொருள் கிடையாது.

சயாமோய்ஸ் என்ற மரபணுவை எடுத்துக்கொள்வோம். கருவின் முதுகுப்பக்கத்தை உருவாக்கும் வேலை அதனுடையது. அதன் புரோமோட்டரில், அதாவது மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியில், டிசிஎஃப்-3 புரதம் உட்கார மூன்று இடங்கள் உண்டு. டிசிஎஃப்-3 முதுகிலும் இருக்கிறது, வயிற்றிலும் இருக்கிறது. சாமி ஒன்றுதான், பூசாரி வேறு. வயிற்றுப்பக்கத்தில் அதனோடு குரூச்சோ என்ற துணைப்புரதம் சேர்ந்து, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் அசிட்டைல் குழுக்களை நீக்கும் நொதியைக் கூட்டி வருகிறது; மரபணு பூட்டியே கிடக்கிறது. முதுகுப்பக்கத்தில் பீட்டா-கேட்டனின் என்ற இன்னொரு துணைப்புரதம் உட்கருவுக்குள் வந்து குரூச்சோவை விலக்குகிறது, மரபணு திறக்கிறது. இந்த இரண்டில் எதுவும் டிஎன்ஏவை நேராகத் தொடுவதில்லை.

1997இல் அந்த மூன்று இடங்களையும் அழித்துப் பார்த்தார்கள். பீட்டா-கேட்டனின் கொடுத்தாலும் புரோமோட்டர் அசையவில்லை. ஆனால் வயிற்றுப்பக்கத்தில் புரோமோட்டரின் வேலை கூடியது. ஒரே இருக்கை முடுக்கியாகவும் தடையாகவும் இருந்தது இப்படித்தான் தெரிந்தது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நிறுத்திவிடுகின்றன.

கருவுக்குள் ஊசி போடும் நுண்ணூசிக் கருவி இல்லாத கல்லூரியிலும் பீட்டா-கேட்டனினின் வேலையைச் செய்து காட்டலாம். லித்தியம் குளோரைடு, பீட்டா-கேட்டனினை அழிவுக்கு அனுப்பும் ஜிஎஸ்கே-3 நொதியைத் தடுக்கும். அழிய வேண்டிய பீட்டா-கேட்டனின் கரு முழுக்கத் தேங்கும். தவளைக் கருவை வளர்க்கும் உப்புக் கரைசலான எம்எம்ஆரை 0.1 மடங்காக நீர்த்து, அதன் 100 மில்லிலிட்டரில் 1.27 கிராம் லித்தியம் குளோரைடு கரைத்தால் 0.3 மோலார். கருவுற்ற முட்டை மேல் உள்ள ஜெல்லியை 2 சதவீத சிஸ்டீனில் முதலில் நீக்க வேண்டும். பிஎச் 7.8 முதல் 8 வரை. சிஸ்டீன் ஹைட்ரோகுளோரைடு அமிலத்தன்மை உள்ளது. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்க மறந்தால் ஜெல்லி கரையவே கரையாது. நேற்றுக் கலக்கிய கரைசலும் உதவாது. ஜெல்லி போனதும் உடனே கழுவிவிடுங்கள். அதிக நேரம் விட்டால் முட்டை உடையும்.

22 டிகிரியில் கருவுற்றதிலிருந்து முதல் செல் பிளவுக்கு ஒன்றரை மணி நேரம், பிறகு சுமார் அரை மணிக்கு ஒன்று. 32 செல் நிலையில் லித்தியத்தில் பத்து நிமிடம், பிறகு மூன்று முறை கழுவல். இன்னொரு தட்டில் அதே செறிவு சாதாரண உப்பு வையுங்கள். இல்லையென்றால் பார்த்தது லித்தியத்தின் விளைவா, உப்பின் அதிர்ச்சியா என்று சொல்ல முடியாது. சயாமோய்ஸ் இன்னும் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். சுமார் 4000 செல் ஆன பிறகே கரு தன் மரபணுக்களை முழுவீச்சில் படிக்கத் தொடங்கும். கோவில் திறக்குமுன்பே பூசாரியை மாற்றிவிட்டோம்.

டர்பன் ஜனவரி வெயிலில் தட்டை மேசைமேல் விடாதீர்கள். 25 டிகிரி தாண்டினால் குடலாக்கத்திலேயே, அதாவது செல்கள் உள்ளே மடிந்து அடுக்குகளாகும் கட்டத்திலேயே, கரு கெடும். 18 டிகிரி இன்குபேட்டர் போதும்.

இரண்டு மூன்று நாளில் மதிப்பெண் போடலாம்: 5 என்றால் இயல்பு, 0 என்றால் தலை, முதுகு என்ற உடல் அச்சே இல்லை, 10 என்றால் உடல் இல்லாமல் சுற்றிலும் தலை. எல்லாம் 5 என்று வந்தால் லித்தியத்தின் அளவையும் நேரத்தையும் சரிபாருங்கள். 5 முதல் 9 வரை சிதறினால் வெவ்வேறு நிலைக் கருக்களைக் கலந்துவிட்டீர்கள். தலை பெரிதாவதற்குப் பதில் சிறுத்துப் போயிருந்தால், அந்த 4000 செல் கட்டம் தாண்டிய பிறகுதான் லித்தியம் கொடுத்திருக்கிறீர்கள்.