யாரும் தெரிவு செய்யாத சபை

பெப்ரவரி 10

1838 இல் இதே நாளில் பிரித்தானியப் பாராளுமன்றம் கீழ்க் கனடாவின் அரசியலமைப்பை இடைநிறுத்தியது. 1841 இல் மறுபடியும் இதே திகதியில் அந்த மாகாணமே இல்லாமல் போய், மேல் கனடாவுடன், அதாவது இன்றைய தெற்கு ஒன்ராறியோவுடன், சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இன்றைய கியூபெக்கின் சட்டங்களை இயற்றியது, ஆளுநர் நியமித்த விசேட சபை. கிளர்ச்சித் தலைவர் பப்பினோவையும், பிரித்தானிய ஆட்சிக்கு எதிரான 1837 சண்டைகளையும் மொன்றியாலில் பலரும் அறிவார்கள். சென் உஸ்தாஷ் தேவாலயம் எரிந்ததையும் கிளர்ச்சியாளரான மருத்துவர் ஷெனியே அங்கே சுடப்பட்டு இறந்ததையும் உணர்ச்சியோடு சொல்வார்கள். விசேட சபையைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. கிளர்ச்சி சில வாரங்களில் அடங்கிவிட்டது; சபை செய்தவை இன்னும் நம்மோடு இருக்கின்றன. இந்தக் கிழமை அதைப் பற்றி எழுதுகிறேன்.

பெப்ரவரி 12

லண்டன் கடிவாளம் போட்டுத்தான் இந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சபை புதிய வரி விதிக்கக் கூடாது. ஆளுநர் முன்வைக்காத எந்தச் சட்டத்தையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இயற்றும் கட்டளைச் சட்டங்கள் 1842 நவம்பருக்குப் பிறகு தாமாகவே காலாவதியாகும். அவசர காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு என்றுதான் வாசிப்பவர் நினைப்பார்.

1839 இல் இன்னொரு சட்டம் வந்து அந்தக் கால எல்லையை நீக்கிவிட்டது. அதன்பின் நியமன உறுப்பினர்கள் நிரந்தரச் சட்டங்களையே இயற்றலாம். எனக்கு இந்தத் திருத்தம்தான் முழுக் கதையின் மையம்.

யார் அந்த உறுப்பினர்கள்? ஆளுநர் மாறினால் ஆட்களும் மாறினார்கள். பதில் ஆளுநராக இருந்த படைத்தளபதி கோல்போர்ன் 1838 ஏப்ரலில் அமைத்த முதல் சபையில் பிரெஞ்சுக் கனடியரும் இருந்தார்கள். மே மாதக் கடைசியில் புதிய ஆளுநராக வந்த டர்ஹாம் பிரபு அதைக் கலைத்து, தன்னைச் சேர்ந்த ஐந்து பேரை வைத்துக்கொண்டார். அந்த ஐவரைக் கொண்டு எட்டுக் கைதிகளை விசாரணையின்றி பெர்முடாவுக்கு நாடுகடத்தினார். லண்டன் அதை ஏற்கவில்லை. அவர் பதவி விலகி நவம்பர் 1 அன்று கப்பல் ஏறினார். சில நாட்களிலேயே இரண்டாவது கிளர்ச்சி வெடித்தது.

பெப்ரவரி 15

1839 இல் இன்றைய நாளில் இரண்டாவது கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான டி லோரிமியேயை மொன்றியாலின் பியே-டு-கூரான் சிறையில் தூக்கிலிட்டார்கள். சாதாரண குடிமக்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த வழிசெய்தது சபையின் கட்டளைச் சட்டம். 99 பேருக்கு மரண தண்டனை. தூக்கிலிடப்பட்டவர்கள் 12 பேர். 58 பேர் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்டார்கள். சிட்னியின் கனடா பே என்ற பெயர் அவர்களால் வந்தது.

ஆள்கொணர்வு உரிமையையும் (சிறைவைக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் தன் தடுப்புக்குக் காரணம் கேட்கும் உரிமை) சபை நிறுத்திவைத்தது. கியூபெக் நகரில் பானே, பெதார் என்ற இரு நீதிபதிகள், அப்படிச் செய்யச் சபைக்கு அதிகாரமில்லை என்றார்கள். துரோவா ரிவியேர் நகரில் நீதிபதி வாலியேரும் அதே நிலைப்பாட்டை எடுத்தார். மூவரையும் கோல்போர்ன் பணியிடைநிறுத்தம் செய்தார். மொன்றியாலில் இராணுவச் சட்டம் நடந்த காலத்தில் இப்படித் தீர்ப்பெழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! தூக்குமேடை வீரர்களுக்குப் பக்கத்தில் இவர்களையும் வைக்க வேண்டும்.

பெப்ரவரி 18

இன்று காணி. கிளர்ச்சியின்போது அரசின் பக்கம் நின்ற சல்பீசியன் என்ற கத்தோலிக்கக் குருமாருக்கு, மொன்றியால் தீவு உட்பட அவர்கள் கோரிய நிலங்களின் உரிமையை 1840 இல் சபை உறுதிப்படுத்தியது. அவற்றுள் மொன்றியாலுக்கு அருகிலுள்ள ஓகாவும் அடக்கம். அங்கே வாழ்ந்த மோஹாக் பழங்குடி மக்கள் அது தங்கள் நிலம் என்று நெடுங்காலமாக முறையிட்டு வந்தார்கள். அவர்களுடைய ஒப்புதலுக்கு இந்தச் சபையில் இடமே இருக்கவில்லை. 1912 இல் வழக்கு அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனபோது, குருமாரின் உரிமைக்கு இந்தச் சட்டமே ஆதாரமாக நின்றது. 1990 இல் ஓகாவில் கோல்ஃப் மைதானத்தை விரிவாக்கப் போய் 78 நாள் நெருக்கடியும் இராணுவமும் வந்தன. ஆங்காங்கே 'ஓகா 1990 இல் தொடங்கியது' என்று வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

1841 இன் காணிப் பதிவுச் சட்டமும் இப்படித்தான். பழைய பிரெஞ்சு வழக்கப்படி, கணவன் இறந்தால் அவனுடைய காணியில் மனைவிக்குப் பங்குண்டு. எங்கும் பதியத் தேவையில்லை. காணி வாங்கும் வியாபாரிகளுக்கு இது பெரும் இடைஞ்சலாக இருந்தது. பதிவு முறை வந்ததும் அந்தப் பங்கு சுருங்கியது. பதிவு தேவையே, அதை மறுக்கவில்லை. விதவைகளின் பங்கைக் குறைக்க நியமன உறுப்பினர்களுக்கு யார் ஆணை கொடுத்தது?

பெப்ரவரி 21

1839 நவம்பரில் புதிய ஆளுநர் பூலட் தொம்சன், இரு கனடாக்களையும் இணைக்கும் திட்டத்துக்குச் சபையின் சம்மதம் கேட்டார். கீழ்க் கனடாவில் ஏறத்தாழ 6,50,000 மக்கள், மேல் கனடாவில் 4,50,000 அளவில். ஆனாலும் இணைந்த சட்டமன்றத்தில் இரண்டுக்கும் தலா 42 இடங்கள். மேல் கனடாவின் பெருங்கடனும் பொதுக்கடனாகியது. இவ்வளவுக்கும் கீழ்க் கனடாவின் சம்மதமாகப் பதியப்பட்டது இந்தச் சபையின் வாக்கு மட்டுமே.

எதிர்த்தவர்கள் மூவர்: ஜோன் நீல்சன், ஜூல் கெனல், ஜேம்ஸ் கத்பேர்ட். நீல்சன் பத்திரிகையாளர், ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். ஒருகாலத்தில் பப்பினோவின் தோழர். பிறகு அவருடைய தீவிரப்போக்கை ஏற்காமல் விலகியவர். கிளர்ச்சியை எதிர்த்த அதே மனிதர் இணைப்பையும் எதிர்த்தார். சபை முடிந்து 1841 இல் தேர்தல் வந்ததும், இணைப்புக்கு எதிராகக் கியூபெக் தொகுதியில் நின்று வென்றார்.