இறக்கத்துக்கு ஒரு வண்டி

நீலகிரி மலையில் இருக்கும் கேத்தி பாலாடாவில் காய்கறி விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய குழு ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகக் கணக்கு வழக்கோடு வண்டிப் பொறுப்பையும் நான் பார்த்துவருகிறேன். 2021-ஆம் ஆண்டில் எங்கள் பழைய டீசல் பிக்கப்பை மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தபோது, எந்த வண்டி வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. மலையில் வண்டி வாங்குபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "ஏற்றத்தில் இழுக்குமா?" என்ற கேள்வியைத்தான். நானும் அதையே கேட்டுக்கொண்டுதான் தொடங்கினேன்.

எங்கள் வண்டி உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை ஒரு வாரம் ஓட்டுநர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வியே பிசகு என்று தெரிந்தது. நள்ளிரவுக்குப் பின் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு பிடுங்கும் கேரட், கழுவும் இயந்திரத்தில் புரண்டு மூட்டையாகி, விடிவதற்குள் காட்டேரி, குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும். திரும்பி ஏறும்போது வண்டியில் இருப்பது காலிச் சாக்குகளும், சில நாள்களில் உரமும் மருந்தும் மட்டுமே. அதாவது, எங்கள் வண்டி பாரத்தோடு இறங்குகிறது. ஏறக்குறைய வெறுமையாக ஏறுகிறது.

இதற்கு ஓராண்டு முன் நடந்த ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பர்லியாற்றைத் தாண்டி ஒரு வளைவை நெருங்கும்போது பிரேக் மிதி பஞ்சுபோல் அடிவரை இறங்கிவிட்டது. அண்ணன் பதறாமல் கியரைக் குறைத்துக் கைப்பிரேக்கையும் மெல்ல இழுத்து, மலைப்பக்கத்து மண் திட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். விளக்கு ஒன்று உடைந்ததைத் தவிர வேறு சேதம் இல்லை. மெக்கானிக் திறந்து காட்டிய பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. நான் எழுதிவந்த வண்டிப் பதிவேட்டில் இஞ்சின் ஆயில், டயர், ஃபில்டர் எல்லாம் தேதியோடு இருந்தன. பிரேக் ஆயில் மாற்றியதாக ஐந்து ஆண்டுகளில் ஒரு வரிகூட இல்லை. டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது என்பதால், நாள்பட்ட பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிறையும். மிதியின் அழுத்தம் அந்த ஆவியை நசுக்குவதோடு தீர்ந்துபோகும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பழியை வண்டியின் மேல் போட எங்கள் கூட்டத்தில் பலர் ஆயத்தமாக இருந்தார்கள், எனக்குத்தான் மனம் வரவில்லை.

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்கு அருகில். 30 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட சாலையில் வண்டி 1,500 மீட்டர் கீழே வருகிறது. வண்டியும் சரக்குமாக 3 டன் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 44 மெகாஜூல். 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். டயரின் உராய்வும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதியை இஞ்சினோ பிரேக்கோதான் விழுங்க வேண்டும். இந்தக் கணக்கைக் கூட்டத்தில் சொன்னபோது, அதுவரை குதிரைத்திறனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அப்ப தினமும் ரெண்டு அண்டா வெந்நீர் போட்டுக்கிட்டு இறங்குறோம்னு சொல்லுங்க" என்றார். என் மொத்த வாதத்தையும் அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

டீசல் இஞ்சின் என்றால் இறக்கத்தில் தானாகவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் பரவலாக உண்டு. அது பாதிதான் சரி. டீசல் இஞ்சின் உள்ளே வரும் காற்றைப் பெட்ரோல் இஞ்சினைப்போல் அடைத்துக் கட்டுப்படுத்துவதில்லை, அதனால் அந்த அடைப்பால் கிடைக்கும் பிடிப்பு இதில் இல்லை. அழுத்தப்பட்ட காற்று சுருள்வில்லைப்போல் திரும்ப உந்துவதால், அழுத்துவதற்குச் செலவான விசையில் பெரும்பகுதி பிஸ்டனுக்கே திரும்பி வந்துவிடுகிறது. அதனால்தான் பெரிய லாரிகளில் புகைபோக்கியை அடைக்கும் தனி பிரேக் வைக்கிறார்கள். எங்களைப் போன்ற சிறு வண்டிக்காரர்களுக்கு இரண்டாவது கியரை விட்டால் வேறு துணை இல்லை. டீசலை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் உருட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இன்றைய டீசல் வண்டியில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாமலிருக்கச் சிறிது எரிகிறது. இஞ்சினையே அணைத்து உருட்டுபவர்களோ பிரேக்குக்கு வலுக்கூட்டும் வெற்றிட பம்பையும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள்.

வண்டிகளுக்கு வருகிறேன். அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா யோதா, இசுசு டி-மேக்ஸ் ஆகிய நான்கையும் பரிசீலித்தோம். தோஸ்தில் 1,478 சி.சி. கொண்ட மூன்று சிலிண்டர் இஞ்சின். பொலேரோ பிக்கப்பில் 2,523 சி.சி. நான்கு சிலிண்டர். சமவெளியில் ஓட்டுவதாக இருந்தால் நான் தோஸ்தைத்தான் சொல்லியிருப்பேன், ஏனென்றால் விலையும் செலவும் குறைவு. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் இஞ்சின் திணறும் என்று பயப்படத் தேவையில்லை, காற்றை அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் டர்போ அதை ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆனால் உரம் ஏற்றி ஏறும் நாள்களில் கொண்டை ஊசி வளைவின் நடுவில் பாரத்தோடு நின்று மறுபடி கிளம்பும்போது டர்போ விழிப்பதற்குள் ஒரு நொடி கடந்துவிடும், அந்த நொடியில் கிளட்ச் கருகும். இதைச் சோதித்துப் பார்க்கக் காலி வண்டியால் முடியாது. விற்பனை நிலையங்களில் காலி வண்டியைத்தான் ஓட்டக் கொடுத்தார்கள். ஆகவே, தெரிந்த வண்டிக்காரர்களிடம் வாடகை கொடுத்து, எங்கள் கேரட்டையே ஏற்றிக்கொண்டு அண்ணனை ஓட்டச் சொன்னேன். தோட்டப் பாதையின் வளைவில் ஒரே வெட்டில் திரும்புகிறதா, இரண்டு முறை பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறதா என்பதையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம். நீளமான வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் பாதைக்கு உதவாது.

நான்கு சக்கர இயக்கம் வேண்டும் என்று இளைஞர்கள் வற்புறுத்தினார்கள். வடகிழக்குப் பருவமழையில் தோட்டப் பாதை குழம்பாகிவிடுவது உண்மைதான். என்றாலும், ஆண்டில் சில வாரங்களுக்காக மீதி நாள்களெல்லாம் கூடுதல் எடையைச் சுமந்துகொண்டு மலையிறங்குவதை நான் ஏற்கவில்லை. அந்த வாரங்களில் மூட்டைகளைத் தார்ச்சாலைவரை தலைச்சுமையாகக் கொண்டுவருகிறோம். சுமப்பவர்கள் இதை எளிதாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரட்டைக் கேபின் வண்டியைப் பற்றித்தான் நீண்ட நேரம் பேசினோம். அறுவடைக்குப் போகும் பெண்கள் உறைபனி இரவில் சரக்குத் தட்டில் நின்றுகொண்டே பயணம் செய்வது இந்தப் பக்கம் சாதாரணமாகிவிட்டது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம்; விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் பெரும்பாடு. இரட்டைக் கேபின் வாங்கினால் இந்தக் குறை தீரும் என்று நினைத்தேன். எண்ணிப் பார்த்தபோது அதில் ஓட்டுநரைத் தவிர நான்கு பேர்தான் உட்கார முடியும். எங்களுக்குப் பன்னிரண்டு பேர் தேவை. தட்டின் நீளமும் குறைந்துவிடும். கடைசியில் ஆள்களுக்குத் தனியாக ஒரு வேனை மாத வாடகைக்குப் பேசிவிட்டு, சரக்குக்கு ஒற்றைக் கேபின் என்று முடிவெடுத்தோம். வேன் வாடகையைப் பற்றி ஒவ்வொரு மாதமும் கேள்வி எழும்புகிறது. நான் ஒவ்வொரு மாதமும் ஒரே பதிலைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரல் முதல் வண்டிப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதி வந்துவிட்டதால், புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்றும் சிலர் பயமுறுத்தினார்கள். தோட்டத்துக்கும் கழுவும் இடத்துக்கும் இடையே மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தப் பயம் பொருந்தும். தினமும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வண்டிக்கு அந்த ஏற்றமே மருந்து. இஞ்சின் நன்றாகச் சூடாகி, சேர்ந்த கரி எரிந்துவிடுகிறது.

முடிவாகப் பொலேரோ பிக்கப்பையே எடுத்தோம், அதிலும் பெரிய தட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டு மொத்த எடை 3,000 கிலோவுக்குள் அடங்கும் வகையை. அந்த எல்லையைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் எடுக்கத் தேவையில்லை என்பது ஒரு காரணம். இடம் இருந்தால் ஏற்றத்தான் சொல்வார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். உதிரிபாகம் ஊட்டியிலும் மேட்டுப்பாளையத்திலும் அன்றே கிடைக்கும் என்பதை அண்ணன் சேர்த்துக்கொண்டார்.

வண்டி வந்த அன்று பூசை முடிந்ததும் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிரேக் ஆயில் மாற்ற வேண்டிய தேதியை எழுதினேன். அண்ணன் பழைய வண்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து, சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கற்பூர மரக் கட்டையை எடுத்துத் துடைத்துப் புதிய வண்டியில் வைத்தார். "இதையும் எழுதிக்குங்க சார்" என்றார். எழுதிக்கொண்டேன்.