ஒரு ழகரமும் 120 நாளும்

மகள் பிறந்த மூன்றாம் நாள் மயிலாடுதுறையிலிருந்து அத்தை வீடியோ காலில் வந்தார். மூக்கு யார் ஜாடை, நெற்றி யார் ஜாடை என்ற பஞ்சாயத்தெல்லாம் முடிந்த பிறகு, "அங்கேயே பொறந்துட்டா, இனிமே அவ துபாய்க்காரிதானேடி? விசா கிசா ஒண்ணும் வேண்டாமே?" என்றார்.

பக்கத்தில் இருந்த என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலைதான் டைரியில் மே 18 என்ற தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அத்தையைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பக்கத்து வீட்டுப் பேரன் நியூ ஜெர்சியில் பிறந்தவன். பிறந்த சூட்டோடு அமெரிக்க பாஸ்போர்ட் வந்துவிட்டது. வெளிநாடு என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டார். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கதை வேறு. இங்கே 1972-ல் வந்த குடியுரிமைச் சட்டம் அப்பா எந்த நாட்டுக்காரர் என்று பார்க்கிறதே தவிர, பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று பார்ப்பதில்லை. முப்பது வருஷம் இங்கேயே குப்பை கொட்டியவர்களின் பிள்ளைகளும், இங்கேயே பிறந்து படித்து வளர்ந்தவர்களும், விசாவில்தான் இருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் இந்தியக் குடிமகளாவது தானாகவே ஆகிவிடுவாளா என்றால், அதுவும் இல்லை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பதிவு செய்ய வேண்டும். வேறு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் பிள்ளையிடம் இல்லை என்று அப்பா அம்மா எழுதித் தர வேண்டும். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி வாங்க வேண்டும். அதாவது, தொட்டிலில் கிடந்த என் மகள் அன்றைக்கு, காகிதக் கணக்கில், எந்த ஊர்க்காரியும் இல்லை.

அவள் பிறந்தது 2023 ஜனவரி 18. அமீரகத்தில் பிறந்த பிள்ளைக்கு 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் விசா எடுத்தாக வேண்டும். தாண்டினால் நாள் கணக்கில் அபராதம். ஜனவரி 18-லிருந்து 120 எண்ணினால் மே 18. நான் கணக்கு எழுதுகிறவள், வாட் வரிக் கெடு தேதிகளோடு குடும்பம் நடத்துகிறவள், அதனால் இந்தத் தேதியும் மண்டையில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

நாலு மாதம் தாராளமாகத்தான் தெரியும். ஆனால் விசாவுக்குப் பிள்ளையின் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு அட்டஸ்டேஷன் ஆன, அதாவது நிஜம்தான் என்று அரசு முத்திரைகள் குத்திய, கல்யாண சர்டிபிகேட் வேண்டும். நாங்கள் சறுக்கியது அந்தக் கடைசிப் படியில்.

பொதுவாக இங்கே கணவன் மனைவிக்கு விசா எடுக்கும்போதே கல்யாண சர்டிபிகேட்டுக்கு எல்லா முத்திரையும் வாங்கியிருப்பார்கள். நாங்கள் இருவருமே தனித்தனி கம்பெனி விசாவில் இருந்தோம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. ஆறாம் மாதச் செக்கப்பில் பதிவு கவுண்டரில் இருந்த பெண், "மேரேஜ் சர்டிபிகேட் அட்டஸ்ட் ஆயிடுச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டபோதுதான் இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன்.

அன்று இரவே அப்பாவுக்குப் போன். "பத்திரமா இருக்கும்மா, பீரோவுல உன் கூறைப்புடவைக்கு அடியிலதான் வச்சிருக்கேன்" என்றார். படம் எடுத்து அனுப்பச் சொன்னோம். அனுப்பினார். பளபள என்று இருந்தது. "வீணாப் போயிடக் கூடாதுன்னு அன்னிக்கே லேமினேட் பண்ணிட்டேன்!"

லேமினேட் செய்த காகிதத்தில் முத்திரை குத்த முடியாது. பிரித்தால் எழுத்தும் சேர்ந்து வரும். பாவம், அப்பாவிடம் கோபப்படவும் முடியவில்லை. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் இப்படித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார். மறுபடி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து சான்றிட்ட நகல் வாங்கினார். அதற்குச் சென்னையில் மாநில அரசின் முத்திரை, டெல்லியில் வெளியுறவு அமைச்சகம், அங்கேயே அமீரகத் தூதரகம், அப்புறம் துபாய்க்கு வந்து இந்த நாட்டு வெளியுறவு அமைச்சகம். அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரையில் வேலை முடிவது அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்குத்தான். அமீரகம் அதில் இல்லை. ஏஜென்ட் 'பதினைந்து நாள்' என்றார். கையில் கிடைத்தது டிசம்பர் கடைசி வாரம், எனக்குக் கால் வீங்கி ஷூ நுழையாமல் போன சமயம்.

அடுத்தது பெயர். மகளை இங்கே யாழினி என்று வைத்துக்கொள்கிறேன். நிஜப் பெயர் வேறு, ஆனால் அதிலும் ஒரு ழ இருக்கிறது.

நம் ஊரில் பெயர் வைப்பது சுலபம். பெயர், முன்னால் அப்பாவின் முதலெழுத்து, முடிந்தது. பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் என் அப்பா பெயர். இவருடையதில் இவருடைய அப்பா பெயர். மகளுக்கு நம் வழக்கப்படி இவர் பெயரைப் போட்டால், மூன்று பேர் குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர். இவருடைய குடும்பப் பெயரையே போட்டாலோ, அவள் காலம் முழுக்கத் தாத்தா பெயரைச் சுமக்க வேண்டும். இவர் "எங்கப்பாவுக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு.

கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாமே என்று அம்மா சொன்னார். அவர் பாஸ்போர்ட் அப்படித்தான், ஒரே ஒரு பெயர். ஆனால் சூடு கண்டதும் அவர்தான். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருகிறவர்களை அமீரகம் அனுமதிக்காது என்று விமான கம்பெனிகள் சுற்றறிக்கை விட்டன. பிரசவத்துக்கு வர வேண்டிய அம்மாவுக்கு அப்போதுதான் டிக்கெட் போட்டிருந்தோம். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள், அம்மா வந்து சேர்ந்தார். ஆனால் அந்த நாலைந்து நாளில் நான் தூங்கியது குறைவு. அதனால் இரட்டைப் பெயர் என்பது உறுதியானது. கடைசியில் இவர் பெயரையே போட்டோம். தாத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறப்புச் சான்றிதழ் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அரபியில் ழ கிடையாது. ஆங்கிலத்தில் நாம் இஸட்டும் ஹெச்சும் போட்டுச் சமாளிக்கிறோம். அந்த இரண்டு எழுத்தையும் பார்த்த எழுத்தர் நேர்மையாக இரண்டையும் தனித்தனியாக அரபியில் எழுதிவிட்டார். அரபி தெரிந்த தோழி படித்துக் காட்டினாள்: "யாஸ்ஹினி." மாற்றலாமா என்று கேட்டேன். "வேற எப்படி எழுதினாலும் அது ழ ஆகாது, ஆங்கிலம் சரியா இருக்கான்னு மட்டும் பாரு" என்றாள். இன்று வரை கிளினிக்கில் அவளை "பேபி யாஸினி" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கக் கராமாவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். வெள்ளைப் பின்னணி, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், யார் கையும் தெரியக் கூடாது. பிறந்து இருபத்தைந்து நாளான ஜீவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் படுக்கவைத்தால் தூங்கினாள். எழுப்பினால் அழுதாள். அழுகையை நிறுத்தப் பால் கொடுத்தால் மறுபடி தூங்கினாள். போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்தபடி, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருந்தார். நாற்பது நிமிஷம். கடைசியில் கிடைத்த படத்தில் கண் இரண்டும் அகல விரிந்து, யாரோ கடன் கேட்டு வந்த மாதிரி ஒரு முகம்.

பர் துபாயில் இந்திய பாஸ்போர்ட் விண்ணப்ப மையத்தில் கைநாட்டு வைக்க வேண்டியிருந்தது. மை தொட்ட கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடிக்கொண்டாள். நான் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க, இவர் மணிக்கட்டைப் பிடிக்க, கட்டத்துக்குள் விழுந்தது பாதி ரேகை, மீதி என் துப்பட்டாவில். அன்று விண்ணப்பம் எடுபடவில்லை, காரணம் ரேகை அல்ல. கல்யாண சர்டிபிகேட்டில் இவர் பெயர் இனிஷியலோடு இருந்தது, பாஸ்போர்ட்டில் விரிவாக இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். தப்பு எங்கள் பக்கம்தான். கல்யாணப் பதிவன்று பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் எழுதியிருந்தால் இது வந்திருக்காது.

இதற்கிடையில் இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருந்தது. துபாயில் பிறந்த பிள்ளைக்கு முதல் 30 நாள் அம்மாவின் இன்ஷூரன்ஸிலேயே மருத்துவம் உண்டு. அதற்குப் பிறகு பிள்ளை பெயரில் தனி இன்ஷூரன்ஸ் வேண்டும். பாஸ்போர்ட் நகலாவது இருந்தால்தான் சேர்க்க முடியும் என்றார்கள் எங்கள் விஷயத்தில். 43-ஆம் நாள் ராத்திரி அவளுக்கு நூற்றிரண்டு டிகிரி. அந்த வயதில் காய்ச்சல் என்றால் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்காமல் விட மாட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்கு இவர் பில் கட்டும் வரிசையில் நிற்க, நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். பில் ஆயிரம் திர்ஹாமைத் தாண்டியது. காய்ச்சல் இறங்கியது, ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து யோசித்தபோது, எனக்குப் பயம் அபராதத்தைப் பற்றியதாக இருந்ததெல்லாம் அபத்தமாகப் பட்டது. மே 18-ஐ மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் பிப்ரவரி 17-ஐப் பார்க்கவில்லை.

58-ஆம் நாள் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு நாளில் என் லீவும் முடிந்தது. தனியார் வேலையில் பிரசவ விடுப்பு 60 நாள், அதில் 45 நாள் முழுச் சம்பளம், 15 நாள் அரைச் சம்பளம். விசா வேலையை இவர் பார்த்துக்கொண்டார். அதுதான் இருப்பதிலேயே சுலபமாக முடிந்தது. அல் குசைஸில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே டைப்பிங் சென்டர், அரசு விண்ணப்பங்களை நிரப்பி அனுப்பித் தரும் கடை. அங்கிருந்த மலையாளப் பையன், "சேச்சி டென்ஷன் அடிக்கண்டா, குட்டிக்கு மெடிக்கல் இல்ல, விரல் ரேகையும் இல்ல" என்றான். விசாவுக்கான மெடிக்கல் டெஸ்ட் 18 வயதுக்கு மேல்தான், எமிரேட்ஸ் ஐடி என்ற இந்த நாட்டு அடையாள அட்டைக்கு ரேகை 15 வயதுக்கு மேல்தான். இவருடைய சம்பளச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம் பதிவான இஜாரி, பிறப்புச் சான்றிதழ், அந்தப் புகழ்பெற்ற கல்யாண சர்டிபிகேட், எல்லாம் ஏறியது. 81-ஆம் நாள் விசா.

ஆக எங்களுக்கு அபராதம் வரவில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் கார் கழுவ வரும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய, அதாவது தன் பொறுப்பில் விசா எடுக்க, மாதம் 4000 திர்ஹாம் சம்பளம் வேண்டும், அல்லது 3000-மும் தங்குமிடமும். அவருக்கு அதில் பாதி கூட இல்லை. மகன் ஊரில் பிறந்தான். பதினாலு மாதம் கழித்துத்தான் போய்ப் பார்த்தார். மகன் அவரிடம் வரவே மாட்டேன் என்று கத்தினானாம், சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கும் கீழே ஒரு படி இருக்கிறது. விசா முடிந்த பெற்றோர், பிறப்பே பதிவாகாத பிள்ளை. 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பொதுமன்னிப்பு அறிவித்தபோது, இங்கேயே பிறந்து எந்தக் காகிதமும் இல்லாத பிள்ளைகளுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள். அந்த அம்மாக்கள் டைரியில் எந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருப்பார்கள்?

இதைப் படிக்கும் யாராவது ஐந்தாம் மாதத்தில் இருந்தால், தொட்டில் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். கல்யாண சர்டிபிகேட்டை எடுத்து, அதில் இருக்கும் பெயரையும் இரண்டு பாஸ்போர்ட்டையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அப்பாவிடம் போன் செய்து எதையும் லேமினேட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த வருஷம் ஜூனில் திருச்சியில் இறங்கினோம். இமிக்ரேஷன் அதிகாரி அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டினார், ஒரு முத்திரையும் இல்லை. "முதல் தடவையா ஊருக்கு?" என்று அவளிடமே கேட்டு, படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் அந்தக் கடன்காரரைப் பார்த்த முகம். நேரில் இரண்டு பல் முளைத்து, கொழுகொழு என்று, அவர் பேனாவைப் பிடுங்கக் கை நீட்டிக்கொண்டு ஒருத்தி. சிறு பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். விசாவை இதற்குள் ஒரு தடவை புதுப்பித்தாயிற்று. அந்தப் படத்தை மட்டும் 2028 வரை மாற்ற வழியில்லை.