அரைச் சுற்று

ஜூன் 9, இரவு

கம்ப்யூட்டரை மாட்டி முடித்தாயிற்று. எட்டு மாதமாக ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்ததெல்லாம் இன்று ஒரே பெட்டிக்குள். பட்டனைத் தான்தான் அழுத்துவேன் என்றான் தம்பி. சரி என்றேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. திரை கறுப்பு. மறுபடி அழுத்தினால் அந்த அரைச் சுற்றும் இல்லை. பின்பக்க சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால் திரும்பவும் அதே அரைச் சுற்று.

பதினோரு தடவை பார்த்தோம். அப்புறம் அவனைப் படுக்கச் சொல்லிவிட்டேன்.

ஒரு ஸ்குரூ கணக்கில் வரவில்லை. மதர்போர்டுக்கு என்று கிண்ணத்தில் எடுத்து வைத்தது 7. மாட்டியது 6. கிண்ணம் காலி. ஆச்சி சாயங்காலம் பெருக்கும்போது போயிருக்கலாம்.

ஜூன் 10

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா பேசினார். அம்மாவுக்கு இன்றைக்கும் டெஸ்ட்தான். ஆபரேஷன் தேதி சொல்லவில்லை.

ஜூன் 11

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஆரம்பித்தேன். கரண்ட் முதலில் நுழைகிற இடம் அதுதான். 24 முள் பிளக்கைப் போர்டிலிருந்து கழற்றி, அதில் பச்சை வயர் வருகிற துளையையும் பக்கத்துக் கறுப்பு வயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இணைத்தால், போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் எழுந்துகொள்ளும். பட்டனை அழுத்தினால் போர்டு அந்தப் பச்சை வயர் வழியாகத்தான் அதை எழுப்புகிறது. அந்தத் துளைகளில் 230 வோல்ட் வராது என்று நன்றாகத் தெரியும். இருந்தும் கை நடுங்கியது. ஆச்சி வாசலில் நின்று, "ஏட்டி, செருப்பைப் போட்டுக்க" என்றாள். போட்டுக்கொண்டேன்.

ஓடியது. நிற்காமல் ஓடியது. எத்தனை சந்தோஷம்! உடனே வயரிங் மாமா வீட்டுக்கு ஓடிப்போய் மீட்டர் வாங்கிவந்தேன். மஞ்சள் வயர் 12.1. சிவப்பு 5.04. ஆரஞ்சு 3.3. நூற்றுக்கு ஐந்து கூடலாம், குறையலாம். 12 என்றால் 11.4லிருந்து 12.6 வரை பரவாயில்லை. கிளிப்பை எடுத்த பிறகும் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும், இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது.

மாமாதான் என் சந்தோஷத்தைக் கொஞ்சம் குறைத்தார். "சும்மா ஓடுறத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது பாப்பா. கொல்லம் வண்டி மெட்ராஸ்ல இருந்து இங்க செங்கோட்டை வரைக்கும் ஒத்த எஞ்சின்ல வருது. மலையேறணும்னா பின்னால இன்னொண்ணு மாட்டித்தான தள்ளுதான்?" அவர் சொன்னது சரி. சுமை இல்லாமல் எஸ்எம்பிஎஸ் ஓடுவது பாதிச் சாட்சிதான்.

ஆனால் பாதிச் சாட்சியாவது கிடைத்திருக்கிறது. அம்மா விஷயத்தில் அங்கே அதுகூட இல்லை.

ஜூன் 12

விடியற்காலையிலிருந்து சாரல். கணவாய்க் காற்று ஜன்னலை அடித்துத் திறக்கிறது. துணி எதுவும் காயவில்லை. மூன்று தடவை கரண்ட் போயிற்று.

ஈரம் இறங்கியிருக்கும் என்கிறாள் ஆச்சி. அவள் பருத்தி மெத்தைக்குச் சொல்வது போலத்தான் சொல்கிறாள், ஆனால் அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. புதுப் பொருளாக இருந்தாலும் மே மாதம் முழுக்க அட்டைப் பெட்டியில் சுவர் ஓரமாக இருந்தது போர்டு. பெட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் டேபிள் ஃபேனைக் காட்டினேன். அதே அரைச் சுற்று.

அம்மாவுக்கு இருமல் என்றார் அப்பா. இருமல் நிற்காமல் உள்ளே கொண்டுபோக மாட்டார்களாம்.

ஜூன் 13

இரண்டு ரேமையும் கழற்றினேன். ஒன்றை மட்டும் மாட்டினேன், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது இடத்தில். அதே. மற்றதை மாட்டினேன். அதே. ரேமே இல்லாமல் போட்டேன். அதே அரைச் சுற்று. அப்படியானால் ரேம் மேல் குற்றமில்லை, இரண்டையும் பழைய உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். வட்ட பேட்டரியைக் கழற்றி அரை மணி நேரம் விட்டு மாட்டினேன். மீட்டரில் 3.1 காட்டுகிறது, நல்ல பேட்டரி. முன்பக்கப் பட்டன் வயரையும் பிடுங்கிவிட்டு, போர்டில் அந்த இரண்டு முள்ளை ஸ்குரூடிரைவர் நுனியால் தொட்டேன். பட்டன் செய்கிற வேலை அவ்வளவுதான், இரண்டு முள்ளை ஒரு கணம் தொடவைப்பது. அதே.

போர்டை எழுப்புகிற புரோகிராமான பயாஸ் பழசாக இருந்தால் என்னுடைய 5000 வரிசைப் பிராசஸரைத் தெரிந்துகொள்ளாது, என்னுடையது மாதிரி பி450 போர்டில் அந்தத் தொல்லை உண்டு. ஆனால் என் போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் 5000 வரிசைக்குத் தயார் என்று ஸ்டிக்கர் இருக்கிறது. அதோடு, பயாஸ் பழசென்றால் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் வராது. என்னுடையது ஓடவே விடமாட்டேன் என்கிறது. யாரோ எஸ்எம்பிஎஸ்ஸின் கழுத்தைப் பிடிக்கிறார்கள், அது பயந்து தன்னையே அணைத்துக்கொள்கிறது. எங்கோ ஷார்ட்.

25ஆம் தேதி கொல்லத்துக்காரருக்கு வீட்டுப் படம் கொடுக்க வேண்டும். மூன்று மாடி, மூன்று கோணம். பழைய லேப்டாப்பில் ஒரு கோணம் போட்டாலே ராத்திரி முழுக்க ஆகும்.

ஜூன் 13, தூக்கம் வராமல்

பிராசஸருக்கு அம்மா கொடுத்தது சீட்டுப் பணம். 11,000 ரூபாய். மார்ச்சில். அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மாடிப்படி ஏறினால் வெயில் என்று சொன்னாள், நானும் வெயில் என்று நம்பினேன்.

ஜூன் 14

பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கிற கூலரைக் கழற்றினேன். இதை எழுதும்போதும் விரல் சில்லென்றிருக்கிறது. இந்த வகைப் பிராசஸரில் முள்ளெல்லாம் பிராசஸரிலேயே இருக்கிறது, 1331 முள். போர்டில் துளைதான். கூலரை நேராகத் தூக்கினால் நடுவில் தடவியிருக்கிற பேஸ்ட்டின் பசையில் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், முள் வளையும். கொஞ்சம் சூடாக இருக்கும்போது இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். ஓடாத மிஷினுக்குச் சூடு எங்கே இருந்து வரும்? ஹேர் டிரையரைப் பத்து நிமிடம் காட்டினேன். திருகினேன், ஜாடி மூடி மாதிரி. தனியாக வந்தது. கும்பிட்டுக்கொண்டேன்.

டார்ச் அடித்து, வரிசை வரிசையாக, நாலு பக்கத்திலிருந்தும் பார்த்தோம். தம்பியின் கண் என் கண்ணைவிடக் கூர்மை. ஒன்றும் வளையவில்லை. 1331ம் நெல் நாற்று மாதிரி நேராக நிற்கிறது. டியூபில் மீதி இருந்த பேஸ்ட்டை வைத்து மறுபடி மாட்டினேன். இன்னொரு தடவைக்குப் பேஸ்ட் இல்லை.

அதே அரைச் சுற்று.

ஸ்குரூவுக்காகப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

ஜூன் 15

இன்று ஒன்று தெரிந்தது. பிராசஸருக்கென்று தனியாக ஒரு 8 முள் பிளக் இருக்கிறது, போர்டின் மேல் மூலையில். அதை மட்டும் பிடுங்கிவிட்டுப் பட்டனைத் தொட்டேன். ஃபேன் நிற்கவில்லை! சுற்றிக்கொண்டே இருந்தது. பிராசஸருக்குக் கரண்ட் இல்லாததால் படம் வராது, அது வேறு. ஆனால் எஸ்எம்பிஎஸ் பயப்படவில்லை. ஆகவே ஷார்ட் அந்த 8 முள்ளின் பாதையில். ஆறு நாளாக வீடு முழுக்கத் தேடியவள் இப்போது ஒரு அறைக்குள் வந்துவிட்டேன்.

அந்த அறையில்தான் விலை கூடிய இரண்டும் இருக்கின்றன, போர்டும் பிராசஸரும்.

ஜூன் 16

மீட்டரைச் சத்தம் போடும் இடத்தில் வைத்து, 8 முள் சாக்கெட்டில் 12 வோல்ட் வருகிற முள்ளில் ஒரு கம்பி, கேபினெட் தகரத்தில் ஒரு கம்பி. பீ என்று கத்தியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். கத்தியது. நாலு முள்ளிலும்.

12 வோல்ட் நேராகத் தரைக்கு, அதாவது கறுப்பு வயர் பக்கத்துக்குப் போகிறது. பிராசஸர் பக்கத்தில் கறுப்புக் கறுப்பாய் இருக்கிற மாஸ்ஃபெட்டில், கரண்டைத் திறந்து மூடுகிற சில்லுகளில், ஒன்று உள்ளே ஒட்டிக்கொண்டாலும் இப்படித்தான் கத்தும். அப்படி ஒட்டிக்கொண்டது 12 வோல்ட்டை அப்படியே பிராசஸருக்குள் விட்டிருந்தால்? அது கேட்பது ஒன்றரை வோல்ட்டுக்கும் குறைவு. 12 போனால் எதுவும் மிஞ்சாது.

தென்காசியில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் செய்தேன். முழுதாகக் கேட்கவும் இல்லை, "போர்டு போச்சு, பிராசஸரும் போயிருக்கும், ரெண்டையும் மாத்திருங்க" என்றார்கள். பார்க்காமலே. ஒரு பொருளைக் கையால் தொடாமல் செத்துவிட்டது என்று சொல்ல எப்படி மனது வருகிறது? அழுகை வந்தது. புறவாசலுக்குப் போய்விட்டேன், தம்பி பார்க்கக் கூடாதென்று.

அந்த 11,000.

ஜூன் 17

இன்று தொடவில்லை.

அம்மாவே பேசினாள். குரல் சின்னதாக இருந்தது. பக்கத்தில் இருக்கிற நர்ஸ் எது செய்தாலும் "பேடிக்கண்டா அம்மே", பயப்படாதீங்க அம்மா, என்கிறாளாம், ஊசி போட்டாலும் அதுதான், சாப்பாடு வைத்தாலும் அதுதான். சொல்லிச் சிரித்தாள், சிரித்ததும் இருமினாள். "உன் பெட்டி ஓடுதா?" என்று கேட்டாள். ஓடுது என்று சொல்லிவிட்டேன்.

ஆச்சிக்குத் திருவனந்தபுரம் என்றால் தைரியம். அவள் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1ல்தான் இந்தப் பக்கம் வந்தோம். "நம்ம ராஜா ஊருதானட்டி, அங்க ஒண்ணும் ஆகாது" என்கிறாள். ராத்திரி ஜெபமாலை மாதிரி அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூன் 18

கடைக்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று முடிவு செய்து, போர்டைக் கேபினெட்டிலிருந்து கழற்றினேன். ஆறு ஸ்குரூவும் கிண்ணத்தில். அட்டைப் பெட்டிமேல் போர்டை வைத்துவிட்டு, உறையைத் தேடப் போகும்முன் ஏனோ மீட்டரை எடுத்தேன். போவதற்குமுன் கடைசியாக ஒரு தடவை. 12 வோல்ட் முள்ளில் ஒன்று, பக்கத்துத் தரை முள்ளில் ஒன்று.

சத்தம் இல்லை.

கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன், மீட்டர் கத்தியது, மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி போர்டில். சத்தம் இல்லை. நாலு முள்ளிலும் இல்லை.

போர்டு சாகவில்லை. போர்டில் ஒன்றுமே இல்லை!

கேபினெட்டுக்குள் டார்ச் அடித்தேன். போர்டைத் தகரத்தில் படாமல் தூக்கிப் பிடிக்கப் பித்தளைக் கால்கள் இருக்கும், போர்டில் துளை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கால் இருக்க வேண்டும். கேபினெட் பழசு, பிரானூர் மரக்கடையில் கணக்கு எழுதுகிறவரிடம் வாங்கியது. அவருடைய போர்டு வேறு அளவு. மேல் மூலையில் ஒரு கால், என் போர்டில் துளையே இல்லாத இடத்தில் நிற்கிறது. போர்டைத் திருப்பினேன். 8 முள் சாக்கெட்டின் ஈயப் புள்ளிகளில் ஒன்றின் மேல் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு.

எட்டு மாதம் ஒவ்வொரு பொருளையும் துடைத்துத் துடைத்து வைத்தேன். 200 ரூபாய்க் கேபினெட்டின் உள்ளே மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. கால் 7 இருந்ததால்தான் ஸ்குரூவும் 7 எடுத்து வைத்தேனோ? அப்படியென்றால் ஏழாவது எங்கே?

அந்தக் காலைக் கட்டிங் பிளேயரால் திருகி எடுத்து ஆச்சி கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 19

இருமல் நின்றுவிட்டது. நாளைக் காலை 11 மணிக்கு உள்ளே.

அப்பா பேசி வைத்த பிறகு கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அட்டைப் பெட்டிமேலேயே போர்டு, ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், 8 முள் பிளக். டிவியின் கேபிளைப் போர்டிலேயே சொருகினேன், என் பிராசஸரான 5600ஜியில் படம் காட்டுவதும் உள்ளேயே இருக்கிறது, தனி கார்டு வேண்டாம். இரண்டு முள்ளை ஸ்குரூடிரைவரால் தொட்டேன்.

ஃபேன் சுற்றியது. அரைச் சுற்றைத் தாண்டியது. தம்பி என் தோளைப் பிடித்தான். ஓடியது, நின்றது, என் நெஞ்சும் நின்றது, தானாகவே மறுபடி ஓடியது. ரேமைப் பழகிக்கொள்ளும்போது முதல் தடவை அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் நெஞ்சு கேட்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் டிவியில் நீலமாக வந்தது. பிராசஸர் பெயர். ரேம் 8 ஜிபி. 3200 வேக ரேமை 2666 என்று காட்டுகிறது, அதைப் பிறகு பார்க்கலாம். சூடு 38 டிகிரி. நாங்கள் இருவரும் அந்த 38ஐயே பார்த்துக்கொண்டிருந்தோம். 39 ஆனது. மறுபடி 38.

ஆச்சி எழுந்து வந்து, "ஓடுதா?" என்றாள்.

அம்மாவிடம் சொன்னது பொய் இல்லை என்றாகிவிட்டது. இரண்டு நாள் பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

ஜூன் 20, காலை 4.10

முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். புளியரை, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை. மழை விடவில்லை. கேபினெட்டில் மாட்ட நேரமில்லை, போர்டு அட்டைப் பெட்டி மேலேயே இருக்கிறது, மேலே அம்மாவின் பருத்திச் சேலையைப் போர்த்தியிருக்கிறேன். கரண்டைப் பிடுங்கிவிட்டேன். ஜன்னலைத் திறக்காதே, தொடாதே என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. பைக்குள் மீட்டரையும் போட்டிருக்கிறேன், ஏனென்று தெரியவில்லை. ஆச்சி திருநீறு எடுத்து வருகிறாள்