படகின் பின்பலகையில் இரண்டு வரி

எங்கள் பாய்ப்படகின் பின்பலகையில் இரண்டு வரி எழுதியிருக்கிறது. மேலே 'கொண்டல்', கீழே 'குளோஸ்டர், எம்ஏ', இரண்டும் ஆங்கில எழுத்தில். ஆனால் படகு நிற்பது குளோஸ்டரில் இல்லை, அதற்குத் தெற்கே சேலத்தில். மாம்பழச் சேலம் இல்லை, மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 'எம்ஏ' அந்த மாநிலப் பெயரின் சுருக்கம். "நிக்கிற ஊரை விட்டுட்டு வேற ஊர் பேரைப் போடலாமா?" என்று கேட்ட நண்பர்களுக்கும், பழைய படகு வாங்கிப் பெயர் மாற்ற நினைப்பவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். சுருக்கமான பதில்: தாராளமாகப் போடலாம்.

முப்பதடிப் படகு. ஃபைபர் கிளாஸ் உடம்பு, ஒற்றைப் பாய்மரம், உள்ளே சின்ன டீசல் எஞ்சின். முன்னால் வைத்திருந்தவர் 'சீஸ் த டே' என்று பெயர் வைத்திருந்தார். அமெரிக்கப் படகுத்துறை எதில் நடந்தாலும் அந்தப் பெயரில் ஒரு படகாவது கண்ணில் படும். ஒரே பெயரில் எத்தனை படகு வேண்டுமானாலும் இருக்கலாம், சட்டம் தடுப்பதில்லை. படகை அடையாளம் காட்டுவது பெயர் அல்ல, எண்தான்.

அந்த எண்ணை வாங்க இங்கே இரண்டு வழி. ஒன்று மாநிலப் பதிவு. எம்எஸ் என்று தொடங்கும் எண்ணை அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். பெயர் எழுதுவதும் எழுதாததும் உங்கள் இஷ்டம். இன்னொன்று கடலோரக் காவல் படையிடம் செய்யும் மத்திய ஆவணப் பதிவு. அதில் பெயரும் ஊரும் பதிவின் பகுதி, அவற்றை எழுதித்தான் ஆக வேண்டும். நாங்கள் இரண்டாவது வழியை எடுத்தோம். என்றாவது கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போக வேண்டும் என்ற ஆசை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் படகு எந்த நாட்டுக்காரருடையது என்ற கேள்விக்கு அந்த ஒற்றைத் தாள் போதும். படகைக் கடனில் வாங்கினால் பெரும்பாலும் வங்கியே இதைக் கேட்கும்.

இதற்கு இரண்டு தகுதி வேண்டும். உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், பச்சை அட்டை போதாது. படகு குறைந்தது 5 நிகர டன் இருக்க வேண்டும். இந்த டன்னைக் கேட்டதும் பலர் எடையைத் தேடிப் போகிறார்கள். இது எடை இல்லை, கொள்ளளவு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் வைத்து ஒரு எளிய கணக்கு, அதற்கென்று தனிப் படிவமும் உண்டு. இருபத்தைந்து அடியைத் தாண்டிய படகுகள் பெரும்பாலும் தேறிவிடும்.

விண்ணப்பத்தின் பெயர் சிஜி-1258. அதைப் பார்க்கும் தேசியக் கப்பல் ஆவண மையம் இருப்பது மேற்கு வர்ஜீனியாவில், ஃபாலிங் வாட்டர்ஸ் என்ற ஊரில். கடலே இல்லாத மாநிலம்! அங்கே உட்கார்ந்துகொண்டுதான் நாட்டில் உள்ள மீன்பிடிக் கப்பல், இழுவைப் படகு, எங்கள் முப்பதடி எல்லாவற்றுக்கும் தாள் கொடுக்கிறார்கள். முதல் பதிவுக்கு 133 டாலர். கைமாறிய பத்திரங்களுக்குப் பக்கத்துக்கு 8 டாலர் தனி. படகு யார் பெயரில் இருந்தது, அவரிடமிருந்து நம் கைக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி எங்கும் அறுபடக் கூடாது. பழைய படகு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் நாளிலேயே விற்பனைப் பத்திரத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு அந்த மனிதர் ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டால் அலைச்சல்தான்.

தாள் வேலை இவ்வளவுதான். பெயருக்குத்தான் வீட்டில் நாள் கணக்கில் சண்டை நடந்தது.

பெயருக்கு விதி அதிகம் இல்லை. 33 எழுத்துக்குள் இருக்க வேண்டும், ரோமன் எழுத்தில் இருக்க வேண்டும். ஆபாசமோ இன வசையோ கூடாது. கடலில் உதவி கேட்கும் சொல்லை எழுத்திலோ ஒலியிலோ ஒத்திருக்கக் கூடாது. 'மேடே' என்று பெயர் வைத்துக்கொண்டு வானொலியில் யாரையாவது கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் புரியும். தமிழ் எழுத்து பதிவுக்குச் செல்லாது. அதனால் 'கொண்டல்' என்று தமிழில் பெரியபாயின் உறையில் தைத்துக்கொண்டோம், அதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு முதலில் தோன்றிய பெயர் 'அன்னபூரணி'. காரணம் மனைவியின் ஊர் வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலுக்குத் தன் மனைவி பெயரை, 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று, வைத்தார். ஊர் மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக ஓட்டி, அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் குளோஸ்டரில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாங்கள் வார இறுதியில் பாய் விரிக்கிற அதே கரை.

டொராண்டோவில் இருக்கும் மாமனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, அது கப்பலின்ரை பேர். உந்தச் சின்னப் படகுக்கு அதை வைக்கக் கூடாது."

அமெரிக்கர் பெயர் மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் மாமாவுக்கு அது அன்னபூரணிதான், ஃப்ளோரன்ஸ் என்று ஒருநாளும் அவர் வாயில் வந்ததில்லை. அவர் சொன்னதை விட்டாலும் வேறொரு சிக்கல் இருந்தது. ஆபத்து அழைப்பில் படகின் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். எஞ்சின் இரைச்சலில், அலை அடிக்கும்போது, 'அன்னபூரணி'யை ஆங்கிலக் காதுக்கு எழுத்துக் கூட்டிப் பாருங்கள்: ஆல்ஃபா, நவம்பர், நவம்பர், ஆல்ஃபா, பாப்பா, ஆஸ்கர், ஆஸ்கர்... பாதியில் மூச்சு வாங்குகிறது. மகள் சமையலறையில் நின்று கரண்டியை மைக்காகப் பிடித்துப் பட்டியலில் இருந்த பெயர்களை எல்லாம் இப்படிக் கூவிப் பார்த்தாள். தேறியது கொண்டல், அதாவது கிழக்குக் காற்று. கிலோ, ஆஸ்கர், நவம்பர், டெல்டா, ஆல்ஃபா, லீமா. ஆறே எழுத்து, எவரும் ஒரு தரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பெயர் தேடுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே யோசனை இதுதான், வைப்பதற்கு முன்னால் கத்திப் பாருங்கள்.

படகுத்துறைப் பக்கத்து மனிதருக்கு மட்டும் பெயர் பிடிக்கவில்லை. இந்தக் கரையில் கிழக்குக் காற்று என்றால் மூடுபனியும் மழையும்தான், அதைப் போய் யாராவது கூப்பிடுவார்களா என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயரை மாற்றவில்லை.

அடுத்தது ஊர். மாமாவின் முதல் யோசனை 'வல்வெட்டித்துறை' என்று எழுதுவது. முடியாது. பதிவில் எழுதும் ஊர் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், அரசின் ஊர்ப் பட்டியலில் இருக்க வேண்டும், கூடவே மாநிலத்தின் பெயரோ சுருக்கமோ வர வேண்டும். ஆனால் படகு அங்கே நிற்க வேண்டும், நீங்கள் அங்கே குடியிருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. ஊர் துறைமுகமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் என்று எழுதிய பெரிய படகுகள் எங்கு பார்த்தாலும் நிற்கும். பலவற்றின் உரிமையாளர்கள் அந்த ஊரை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், வரிக்காகவும் வசதிக்காகவும் டெலவேரில் கம்பெனி தொடங்கிப் படகை அதன் பெயரில் வைத்திருப்பவர்கள்.

நாங்கள் சேலம் என்றே எழுதியிருக்கலாம். தமிழ் நண்பர்கள் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு "சேலத்துக்குக் கடல் எப்ப வந்துச்சு?" என்று கேட்கும் கேலி ஒரு பருவத்துக்குத் தாங்கும். மாமாதான் முடித்துவைத்தார்.

"அப்ப குளோஸ்டர் எண்டு எழுதுங்கோ. அங்கைதானே எங்கட ஆக்கள் போய் இறங்கினவை."

படிவத்தில் அப்படியே எழுதினேன். காரணம் கேட்கும் கட்டம் அதில் இல்லை.

இனி ஒட்டும் வேலை. சரக்குக் கப்பல், மீன்பிடிக் கப்பல் என்றால் அணியத்தின் இருபுறமும் பெயர், பின்னால் பெயரும் ஊரும் என்று தனி விதி. உல்லாசப் படகுக்குப் பெயரும் ஊரும் சேர்ந்தாற்போல் வெளியே கண்ணுக்குத் தெரியும் ஓரிடத்தில் இருந்தால் போதும், வழக்கத்தில் அது பின்பலகை. எழுத்தின் உயரம் 4 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, தெளிவாகப் படிக்க வர வேண்டும். கடைக்காரர்கள் காட்டும் சுருள் சுருளான எழுத்துருவில் முதலெழுத்து மட்டும் 4 அங்குலம் இருக்கும், அடுத்து வரும் சின்ன எழுத்துகள் இரண்டரைக்கு இறங்கிவிடும். நாங்கள் அந்த வம்பே வேண்டாம் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தாகவே வெட்டச் சொன்னோம். பெயர் 6 அங்குலம், ஊர் 4 அங்குலம்.

எங்கள் பின்பலகை மேலே போகப் போக முன்னால் சாய்ந்திருக்கும். எழுத்து பாதி வானத்தைப் பார்க்கிறது, தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்த்தால் உயரம் குறைந்து தெரிகிறது. நடுவில் ஏணி வேறு. காகிதத்தில் எழுத்தை அச்சடித்து, டேப்பால் ஒட்டி, இருபதடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் அளவைக் கொடுத்தோம். ஊர்ப்பெயரின் நடுவில் ஏணிக் கம்பி விழுந்ததால் அந்த வரி முழுவதையும் ஏணிக்கு இடப்பக்கம் தள்ளினோம். வலப்பக்கம் கீழே எஞ்சின் புகைக்குழாய், அங்கே எதை ஒட்டினாலும் ஒரே மாதத்தில் கரி படிந்துவிடும்.

பழைய பெயரை உரிப்பதுதான் வேலையிலேயே பெரிய வேலை. ஹேர் ட்ரையரால் ஒவ்வொரு எழுத்தாகச் சூடுபடுத்தி, பிளாஸ்டிக் தகட்டால் மூலையைக் கிளப்பி, மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். எழுத்து போன பிறகும் பெயர் போவதில்லை. சுற்றியிருந்த ஜெல்கோட், அதாவது ஃபைபர் கிளாஸின் மேல்பூச்சு, வருஷக்கணக்கில் வெயில் பட்டு வெளுத்திருக்க, எழுத்துக்கு அடியில் இருந்த இடம் மட்டும் புதுப்பளபளப்போடு நிற்கும். 'சீஸ் த டே' அப்படியே பேய் மாதிரி தெரிந்தது. தேய்க்கும் பசையைப் போட்டுப் பாலிஷ் மெஷினால் பலகை முழுக்க ஒரே நிறத்துக்குக் கொண்டுவந்தோம். மெழுகு மட்டும் பூசாதீர்கள், புது எழுத்து பிடிக்காது. பெயர் மாற்றுவது கடல் தேவனுக்கு ஆகாது, பழைய பெயர் உயிர்காப்பு வளையத்திலோ சாவிக்கொத்திலோகூட மிச்சம் இருக்கக் கூடாது என்று இங்கே ஒரு நம்பிக்கை. பக்கத்து மனிதர் ஷாம்பெயின் ஊற்றச் சொன்னார், மனைவி அணியத்தில் தேங்காய் உடைத்தாள்.

புது எழுத்தை ஒட்ட வெயிலும் இல்லாத குளிரும் இல்லாத நாளாகப் பார்த்தோம். பலகையை ஆல்கஹாலால் துடைத்து, தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து தெளித்தோம். அந்த ஈரத்தில் எழுத்துத்தாள் வழுக்கும், இழுத்து நேர்செய்ய அவகாசம் கிடைக்கும். நடுவில் இருந்து ஓரத்துக்குத் தகட்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். மேல்தாளை உரிக்கும்போது உங்கள் பக்கம் இழுக்காமல், பலகையோடு ஒட்டினாற்போலவே பின்னால் மடித்து இழுங்கள்.

உள்ளேயும் ஒரு எழுத்து வேலை உண்டு, பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பதிவு எண்ணை முன்னால் 'என்ஓ.' என்று போட்டு, 3 அங்குல உயரத்தில், உடம்போடு சேர்ந்த பாகம் ஒன்றில் உள்பக்கம் பொறிக்க வேண்டும். தனிப் பலகையில் எழுதினால், அதைப் பிய்க்கும்போது சுற்றிலும் தழும்பு விழும்படி பதித்திருக்க வேண்டும். படகைத் திருடுகிறவன் பெயரை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவான், இந்த எண்ணை அப்படி மாற்ற முடியாது. செதுக்கிய பிளாஸ்டிக் பலகையை இறங்கும் படிக்குப் பக்கத்துக் குறுக்குச் சுவரில் எபாக்ஸியால் ஒட்டினோம். பெயர், ஊர், எண் மூன்றும் விதிப்படி எழுதாத வரை கையில் இருக்கும் சான்றிதழ் செல்லாது. பழைய எம்எஸ் எண்ணை அணியத்தில் இருந்து உரித்தாயிற்று.

குளோஸ்டருக்குப் போகும்போது ஊர் முகப்பில், மீனவர் நினைவுச் சிலைக்குப் பக்கத்தில், ஒரு தூக்குப்பாலம் இருக்கிறது. அதைத் திறக்கச் சொல்லி வானொலியில் கேட்க வேண்டும். பாலக்காரர் பின்பலகையைப் பார்த்துவிட்டு, "கொண்டல், சொந்த ஊருக்கு வாங்க" என்றார். மாமாவிடம் சொன்னேன். "பாத்தீங்களோ" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

பெரிய படகில் இருந்து கரைக்குப் போய்வர வைத்திருக்கும் சின்னப் படகின் மீதும் பெயரை எழுத ஆசை வரும், வேண்டாம். கரையில் அதைப் பார்க்கிற திருடனுக்குப் பெரிய படகில் ஆள் இல்லை என்று நாமே சொன்னதாகிவிடும்.

பெயர் மாறிய பிறகு தெரியப்படுத்த வேண்டிய இடங்கள்: காப்பீடு, வானொலியின் அடையாள எண்ணான எம்எம்எஸ்ஐயின் பதிவு, ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் இபிர்ப் கருவி இருந்தால் அதன் பதிவு. கடைசி இரண்டில் பழைய பெயர் இருந்தால், ஆபத்தில் சிவப்புப் பொத்தானை அமுக்கும்போது காவல் படை 'சீஸ் த டே'யைத் தேடிக்கொண்டிருக்கும். இபிர்ப் பதிவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். பின்னால் பெயரையோ ஊரையோ மாற்ற மனம் வந்தால் சான்றிதழை மாற்றிக்கொள்ள 84 டாலர், படகின் மீது கடன் இருந்தால் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும்.

சான்றிதழைப் புதுப்பிக்க வருஷத்துக்கு 26 டாலர். உல்லாசப் படகுக்கு ஐந்து வருஷம் வரை சேர்த்துக் கட்டலாம். பதிவு விவரம் பொதுவில் கிடைப்பதால், அரசு முத்திரை போலவே ஏதோ ஒன்றை அச்சடித்து, 'உடனே புதுப்பிக்கவும்' என்று இதைவிடப் பலமடங்கு கட்டணம் கேட்டுத் தனியார் கடிதங்கள் வந்தபடி இருக்கும். அனுப்பியவர் முகவரியைப் பாருங்கள். ஃபாலிங் வாட்டர்ஸ் இல்லை என்றால் குப்பையில் போடுங்கள்.