இடுப்பு வலிக்குச் செய்துகொண்ட எண்ணெய்ச் சிகிச்சை

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு வேலை நிமித்தம் நாள்தோறும் இருசக்கர வண்டியில் போய்வந்ததில் இடுப்பில் வலி தங்கிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த எலும்பு மருத்துவர் அறுவை தேவையில்லை என்று கூறிவிட்டதால், வேலூரில் உள்ள ஓர் ஆயுர்வேத நிலையத்தில் அப்யங்கம் என்ற எண்ணெய் தேய்ப்புக்கும், இடுப்பின்மேல் தைலத்தைத் தேக்கி வைக்கும் கடிவஸ்திக்கும் முன்பதிவு செய்தேன். முதலில் மருத்துவர் நாடி பார்ப்பார், பிறகு முக்கால் மணி நேரம் எண்ணெய் தேய்ப்பு, கடைசியில் நீராவி என்று தொலைபேசியில் விளக்கி, முன்பணமும் பெற்றுக்கொண்டார்கள்.

போன அன்று மருத்துவர் வரவில்லை. வரவேற்பில் இருந்தவர் படிவத்தை நீட்டிக் கையெழுத்து மட்டும் கேட்டார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதை நானாகவே சொன்னதற்கு, "பரவாயில்லை சார்" என்பதே பதிலாக வந்தது.

தேய்ப்பு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கடிவஸ்தி என்பது உளுந்து மாவைப் பிசைந்து இடுப்பின்மேல் வட்டமாக வரம்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான தைலத்தை ஊற்றி, அது ஆற ஆற எடுத்துவிட்டுச் சூடான தைலத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய சிகிச்சை. அந்தச் சூடுதான் அதன் உயிர். எனக்குக் கட்டிய வரம்போ ஒரு பக்கம் விரிந்து, தைலம் விலாவழியாக மேசையில் வழிந்தது. வேலூர் வெயிலே எண்ணெயைச் சூடாக்கிவிடும் என்று எண்ணினார்களோ என்னவோ, ஏசி அறையில் ஆறிப்போன தைலத்தை ஒருமுறைகூட மாற்றவில்லை. ஊழியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் ஒருவரே பக்கத்து அறைகளுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஆளில்லாமல் நேரம் ஒதுக்கிப் பணம் வாங்கிய நிர்வாகத்தின் மீதுதான் எனக்குக் கோபம்.

அழுத்தம் அளந்து பார்க்காமல் நீராவிப் பெட்டிக்குள் உட்கார மாட்டேன் என்று மறுத்துவிட்டு, பாசிப்பயற்று மாவு தேய்த்துக் குளித்து வெளியே வந்தபோது முழுத் தொகைக்கும் பில் தயாராக இருந்தது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகக் கட்டணம் எழுதித் தருமாறு கேட்டேன். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு கடிவஸ்திக்கான பணம் மட்டும் திரும்பக் கிடைத்தது. எடுத்துக்கொள்ளாத நீராவிக்கும் வாங்கிய பணத்தைத் தர மறுத்துவிட்டதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பில்லின் விவரங்களைச் சொல்லிப் புகார் பதிந்திருக்கிறேன். இடுப்பு வலி அப்படியே இருக்கிறது.